வியாபாரியின் தொண்டையும் சீசன் வியாபாரமும்

ஆனி, ஆடியில் சாரல் விழத் தொடங்கிவிட்டால் குற்றாலத்தில் வியாபாரம் களைகட்டும். பேரருவி அருகிலும் ஐந்தருவிச் சாலையிலும் பழக்கடை, சிப்ஸ் கடை வைத்திருப்போர் விடிந்ததிலிருந்து இரவு வரை கூவி விற்கிறார்கள். சீசன் முடியும்போது கையில் லாபம் மிஞ்சுகிறதோ இல்லையோ, பலருக்குத் தொண்டை கட்டிக்கொள்கிறது. பாவூர்சத்திரம் மார்க்கெட்டில் ஏலம் கூறுவோரும், தென்காசியில் கல்லாவில் அமர்ந்தபடியே பையன்களுக்குச் சரக்குச் சொல்லும் மளிகைக்காரர்களும் இதே நிலையில்தான் இருக்கிறார்கள். தராசு பழுதானால் உடனே கவனிக்கும் நாம், குரல் கெட்டால் மாதக்கணக்கில் விட்டுவிடுகிறோம்.

நம் குரல்வளையில் ஓர் அங்குலத்துக்கும் குறைவான நீளமுள்ள இரண்டு தசை மடிப்புகள் உள்ளன. ஆண்கள் பேசும்போது இவை வினாடிக்குச் சுமார் 110 முறையும், பெண்களுக்குச் சுமார் 200 முறையும் ஒன்றோடொன்று மோதுகின்றன. விடாமல் ஒரு மணி நேரம் குரலெழுப்பினால் ஆணுக்கே ஏறக்குறைய 4 லட்சம் மோதல்கள்! கத்தினால் மோதலின் வேகமும் அழுத்தமும் கூடும். மூட்டை தூக்குபவர் கையில் காய்ப்பு விழுவதுபோல் அங்கும் சிறு முடிச்சுகள் விழுந்துவிடுகின்றன. பெரும்பாலும் ஓய்வாலும் பேச்சுப் பயிற்சியாலுமே இவை கரைந்துவிடும்.

இரைச்சலில் நின்றால் நாம் அறியாமலே குரல் உயர்ந்துவிடும். இதை லோம்பார்ட் என்ற பிரெஞ்சு மருத்துவர் 1911இல் எடுத்துக் காட்டினார். அருவிச் சத்தம், பஸ் ஹாரன், பக்கத்துக் கடை ஒலிபெருக்கி எல்லாம் சேர்ந்தால் நம் பேச்சு கத்தலாக மாறுவது இப்படித்தான். கடைக்குள் பாட்டை நிறுத்தினாலே பாதிச் சிரமம் குறையும். விலைப் பலகையைப் பெரிய எழுத்தில் வைத்தால் ‘கிலோ என்ன விலை?’ என்ற கேள்விக்கு நூறு முறை பதில் சொல்ல வேண்டாம். குடோனில் இருக்கும் பையனைக் கூப்பிட ஒரு மணி போதும். சரக்கைக் கத்திச் சொல்வதைவிடச் சீட்டில் எழுதிக் கொடுத்தால் கணக்கும் தவறாது.

செங்கோட்டையில் 1906இல் பிறந்த எஸ்.ஜி.கிட்டப்பா ஒலிபெருக்கியின் துணையின்றியே நாடகக் கொட்டகை முழுவதும் கேட்கப் பாடியவர். அது சிறுவயது முதல் பெற்ற பயிற்சி. பயிற்சியில்லாத நாம் அந்த உச்சத்துக்குப் போனால் தொண்டைதான் புண்ணாகும்.

மிளகாய் வற்றல், மல்லி நிறுக்கும்போது மூக்கையும் வாயையும் துணியால் மூடிக்கொள்ள வேண்டும். குடிக்கும் தண்ணீர் நேராகக் குரல் மடிப்பில் படுவதில்லை. அது உணவுக்குழாய் வழியே போய், உடம்பில் ஊறிய பிறகே அங்கு ஈரம் சேர்க்கும். ஆகவே தொண்டை கட்டிய பின் ஒரு சொம்பு குடிப்பதைவிடக் காலையிலிருந்தே கொஞ்சம் கொஞ்சமாகக் குடிப்பது நல்லது. அடிக்கடி கனைப்பதும் மடிப்புகளை மோதவைக்கும். கட்டிய தொண்டையோடு இரகசியக் குரலில் கிசுகிசுப்பதும் பலருக்குச் சிரமத்தைக் கூட்டும், பேசாமலிருப்பதே ஓய்வு. புதினா மிட்டாய் வலியை மறைக்கும், அவ்வளவுதான். நம் கடையிலேயே விற்கும் அதிமதுரம் இதமாகத்தான் இருக்கும். ஆனால் அளவுக்கு மிஞ்சினால் இரத்த அழுத்தத்தைக் கூட்டும் என்பதைப் பிரஷர் உள்ளவர்கள் நினைவில் வைக்கவும்.

நம்மவர்களிடம் உள்ள இன்னொரு வழக்கத்தையும் சொல்லியாக வேண்டும். இரவு பத்து மணிக்குக் கடையடைத்து, கணக்கு முடித்து, வயிறு நிறையப் பரோட்டா சாப்பிட்டவுடன் படுத்துவிடுகிறோம். இரைப்பையின் அமிலம் மேலேறி இரவெல்லாம் குரல்வளையை எரிக்கிறது. காலையில் கரகரப்பும், தொண்டையில் ஏதோ அடைத்தாற்போன்ற உணர்வும் இதனால் இருக்கலாம். கடையிலேயே எட்டு மணிக்குச் சிற்றுண்டியை முடித்துக்கொண்டால் படுக்கும்வரை இரண்டு மூன்று மணி நேரம் கிடைக்கும். தலைமாட்டுக் கால்களின் கீழ் கட்டை வைத்துக் கட்டிலை அரையடி உயர்த்துவதும் உதவும்.

குரல் கம்மல் மூன்று வாரத்துக்கு மேல் நீடித்தால் ‘சீசன் தொண்டை’ என்று ஒதுக்காதீர்கள். பீடி, சிகரெட் பிடிப்பவர்கள் இதில் மிகவும் கவனமாயிருக்க வேண்டும். குரல்வளைப் புற்றுநோயின் முதல் அறிகுறி பெரும்பாலும் இந்தக் கம்மல்தான். ஆரம்பத்தில் கண்டுகொண்டால் கதிர் சிகிச்சையாலோ சிறு அறுவையாலோ பெரும்பாலோர் குணமாகிறார்கள், குரலும் மிஞ்சும். முற்றிவிட்டால் குரல்வளையையே எடுக்க நேரிடலாம். இரத்தம் கலந்த சளி, விழுங்கச் சிரமம், கழுத்தில் கட்டி, மூச்சுத் திணறல் இருந்தால் மூன்று வாரம்கூடக் காத்திருக்கக் கூடாது. பாளையங்கோட்டை ஐகிரவுண்டிலுள்ள திருநெல்வேலி மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் காது மூக்கு தொண்டைப் பிரிவு உள்ளது. சிறு கண்ணாடியாலோ மெல்லிய குழாய்க் கருவியாலோ குரல்வளையைப் பார்த்துவிடுவார்கள். அதற்குச் சில நிமிடங்களே ஆகும்.