அரண்மனைச் சுவரைத் தாண்டி வரும் படம்

பத்மநாபபுரம் அரண்மனையின் மந்திரசாலையில் ஒரு பட்டுப்புடவை விளம்பரத்துக்குப் படம் எடுக்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். மாடியில், வண்ண அபிரகத் தகடு பதித்த ஜன்னலோரம், புடவையுடுத்திய பெண் நிற்கிறாள். எதிரே புகைப்படக்காரர், விளக்குப் பிடிப்பவர், ஒப்பனைக்காரர். படி குறுகல், அறையிலோ இடமில்லை. புடவைக் கடை அண்ணாச்சி கீழே முற்றத்தில் டேப்லெட்டும் கையுமாக உட்கார்ந்திருக்கிறார். மேலே 'கிளிக்' என்றால் கீழே படம் தெரிய வேண்டும். முந்தானைச் சரிகை மடிப்பில் மறைந்துவிட்டதா என்று அவர்தாம் சொல்ல வேண்டும். திரையிலோ ஒரு சிறு வட்டம் சுற்றிக்கொண்டே இருக்கிறது. படம் வரக் காணோம்!

"கடைக்குப் போய்ப் பார்த்துக்கொள்ளலாம்" என்று விட்டுவிட முடியாது. ஊர் இருப்பது தமிழ்நாட்டில். அரண்மனையோ கேரள அரசின் தொல்பொருள் துறைப் பொறுப்பில். 1956-ல் கன்னியாகுமரி மாவட்டம் தமிழகத்தோடு இணைந்த பிறகும் இந்த ஏற்பாடு மாறவில்லை. விளம்பரப் படம் எடுக்க முன்கூட்டியே அனுமதி வாங்க வேண்டும். வாங்கிய நாள் போனால் போனதுதான்.

'வருஷம் 16' (1989), 'மணிச்சித்திரத்தாழ்' (1993) ஆகிய படங்களுக்காக பாசில் இந்த அரண்மனையில் காமிராவை வைத்த காலம் வேறு. அப்போது பிலிம் சுருளை லாபில் கழுவி, 'ரஷ்' போட்டுப் பார்த்தால்தான் எடுத்தது தேறியதா என்று தெரியும். புகைப்படக்காரர்களுக்குப் போலராய்டு என்ற உடனடிப் படம் இருந்தது. வெளிச்சம் சரிதானா என்று அதில் ஒன்று எடுத்துப் பார்த்துவிட்டுத்தான் அசல் பிலிமில் கை வைப்பார்கள். 2003-ல் நிக்கான் கம்பெனி டி2எச் என்ற காமிராவோடு, படத்தைக் கம்பியில்லாமல் அனுப்பும் துணைச் சாதனம் ஒன்றையும் அறிவித்தது. இன்று காமிராவின் வயிற்றுக்குள்ளேயே வை-பை வந்துவிட்டது. ஆனால் எதிரெதிரே நிற்பவர்களுக்குத்தான் அது லாயக்கு. நடுவில் ஒரு சுவர் வந்தால் திணறிப்போகும்.

சுவர் குடிக்கும் அலை

1895-ல் கல்கத்தா டவுன் ஹாலில் ஜகதீச சந்திர போஸ், சுவருக்கு அப்பாலிருந்த மணியைக் கம்பியில்லா அலையால் அடித்துக் காட்டினார். அலை சுவரைத் துளைக்கும் என்பது உண்மையே. எந்தச் சுவர், எந்த அலை என்பதில்தான் சூட்சுமம். வை-பை பெரும்பாலும் இரண்டு அலைவரிசைகளில் ஓடுகிறது. 2.4 கிகாஹெர்ட்ஸ் அலையின் நீளம் சுமார் 12 சென்டிமீட்டர். 5 கிகாஹெர்ட்ஸ் அலை அதில் பாதிக்கும் குறைவு. முன்னது மெதுவாகப் போனாலும் சுவரைக் கொஞ்சம் தாங்கும். பின்னது வேகமாகப் போகும்; தடுப்பு வந்தால் சீக்கிரம் சோர்ந்துவிடும்.

1795 வரை திருவிதாங்கூரின் தலைநகரமாக இருந்த இந்த ஊரின் அரண்மனையை இந்தக் கண்ணோடு பார்த்தால் வேடிக்கையாக இருக்கும். தாய்க் கொட்டாரத்தின் மரச் சட்டங்களும் மந்திரசாலையின் மரச் சாளரங்களும் காற்றுக்கு வழிவிடுவதுபோல் அலைக்கும் வழிவிடும். நவராத்திரி மண்டபத்தின் கருங்கல் அப்படியல்ல, பெரும்பகுதியைக் குடித்துவிடும். மனித உடம்பும் அலையைக் குடிக்கும், ஏனெனில் அதில் பெரும்பகுதி தண்ணீர். புகைப்படக்காரர் அண்ணாச்சிக்கு முதுகைக் காட்டி நின்றால், அவர் உடம்பே ஒரு சுவர்!

தூரமும் சும்மா இருப்பதில்லை. இரு மடங்கு தள்ளிப் போனால் கிடைக்கும் சக்தி கால்வாசிதான்.

உரக்கக் கத்தினால் போதுமா?

கடையில் விற்கும் 'பூஸ்டர்' ஒன்றை வாங்கி மாட்டிவிட்டால் தீர்ந்தது என்று பலர் நினைக்கிறார்கள். பணம்தான் தண்டம். வை-பை என்பது ஒருவர் பேச மற்றவர் கேட்கும் ரேடியோ நாடகமல்ல. ஒவ்வொரு துண்டு செய்தி வந்ததும் "வந்தது, வந்தது" என்று டேப்லெட் பதில் சொல்லியாக வேண்டும். மாடியிலிருப்பவர் ஒலிபெருக்கியில் கத்தினாலும், முற்றத்திலிருப்பவரின் மெல்லிய குரல் மேலே எட்டாவிட்டால் பேச்சு நடக்குமா? சட்டமும் குறுக்கே நிற்கிறது. 2005-ல் 2.4 கிகாஹெர்ட்ஸ் வரிசையை லைசென்ஸ் இல்லாமல் உபயோகிக்க இந்திய அரசு அனுமதித்தபோது, ஏரியலின் பெருக்கத்தையும் சேர்த்து 4 வாட் என்று உச்ச வரம்பு போட்டது.

பலன் தருவது இடம் பார்த்து வைப்பது. உள்ளங்கையளவு ரூட்டர் ஒன்று, அதற்கு மின்சாரம் கொடுக்க ஒரு பவர் பாங்க், ஓர் உயரமான முக்காலி — இவ்வளவுதான் மூலதனம். காமிராவும் டேப்லெட்டும் ஒன்றோடொன்று நேரே பேசாமல், இரண்டும் இந்த ரூட்டரோடு பேசட்டும். மேலேயிருந்தும் கீழேயிருந்தும் தெரிகிற சாளரத்தருகே, ஆள் தலைக்கு மேலே, அது நிற்கட்டும். பழைய மரத்தில் ஆணி அடிப்பதோ தூணில் கட்டுவதோ கூடாது. அதனால்தான் முக்காலி.

கருங்கல் மண்டபம் போன்ற இடத்தில் தந்திரம் வேறு. சுவரைத் தாண்டும் வேலையைக் கம்பியிடமே விட்டுவிடலாம். ஈதர்நெட் கம்பி 100 மீட்டர் வரை சளைக்காமல் ஓடும். உள்ளே ஒரு பெட்டி, வெளியே ஒரு பெட்டி, இடையில் வாசல் வழியே கம்பி. கம்பியில்லாச் சாதனத்துக்குக் கம்பி துணை வருவதில் வெட்கமென்ன? கம்பிக்குப் பதில் 'ரிப்பீட்டர்' வைப்போரும் உண்டு. சாதாரண ரிப்பீட்டர் ஒரே வாயால் கேட்டு அதே வாயால் திருப்பிச் சொல்வதால் வேகம் ஏறக்குறையப் பாதியாகிவிடும்.

சுமையைக் குறைப்பது இன்னொரு வழி, செலவில்லாத வழியுங்கூட. காமிராவின் மூலக் கோப்பு ஒன்று 50 மெகாபைட்டைத் தொடும். அது கார்டிலேயே கிடக்கட்டும். சரிகை தெரிகிறதா என்று பார்க்க ஒன்றிரண்டு மெகாபைட் சிறு பிரதி போதும்.

பாலத்தின் மேலே, பள்ளத்தின் கீழே

கல்யாண ஜோடிகள் படம் எடுக்க விரும்பும் மாத்தூர் தொட்டிப் பாலம் வேறு விதமான சோதனை. பறளியாற்றுப் பள்ளத்தாக்கின்மேல் 1966-ல் கட்டிய இந்தப் பாலம் 115 அடி உயரம், சுமார் 1,200 அடி நீளம். பாலத்தின் நீளவாக்கில் சுவரில்லாததால் நல்ல ரூட்டர் ஒரு கோடியிலிருந்து மறு கோடிக்குப் பேசிவிடும். தகராறு கீழே நிற்பவரிடந்தான். "மக்களே, தலையைக் கொஞ்சம் நிமித்து" என்று பள்ளத்திலிருந்து கைபேசியில் சொல்லத் துடிக்கும் அம்மாவுக்குப் படம் போய்ச் சேராது.

காரணம் எளிது. குச்சி ஏரியல் தன்னைச் சுற்றி வளையமாகத்தான் அலையை வீசும்; நுனிக்கு நேர் மேலும் கீழும் வீசுவது சொற்பம். செங்குத்தாக நிற்கும் ஏரியலின் அடியில் நிற்பவருக்கு மிச்சமே கிடைக்கும். ஏரியலைப் படுக்கவைத்து, ரூட்டரைக் கைப்பிடிச் சுவர் ஓரத்துக்கு நகர்த்தினால் நடுவிலுள்ள கான்கிரீட்டும் விலகும், படமும் இறங்கும்.

பழகிய குழுவினர் பெண் அலங்காரம் முடிந்து வருமுன்பே ஓர் உதவியாளரிடம் டேப்லெட்டைக் கொடுத்து இடம் முழுவதும் நடக்கவிடுகிறார்கள். எங்கே படம் நிற்கிறதோ அங்கே தரையில் ஒரு சிறு கல். அந்தக் கல்லுக்கு இப்பால்தான் அண்ணாச்சியின் நாற்காலி.