பச்சைப் பாசி சிவப்பது ஏன்?

2001 ஜூலை 25 அன்று கோட்டயம் மாவட்டம் சங்கனாச்சேரியில் சிவப்பு மழை பெய்தது. செப்டம்பர் வரை கேரளத்தின் பல ஊர்களில் விட்டுவிட்டுப் பெய்தது. நனைந்த துணிகளில் சாயம் ஏறியது. விண்கல் வெடித்த தூசி என்றார்கள். வேற்றுலக உயிர் என்ற பேச்சும் பின்னர் கிளம்பியது.

விடை திருவனந்தபுரத்தில் கிடைத்தது. ஆக்குளம் புவி அறிவியல் ஆய்வு மையமும், பாலோடு வெப்பமண்டலத் தாவரவியல் பூங்காவும் மழைநீரை ஆராய்ந்தன. விண்கல் தூசி இல்லை, இருந்தவை நுண்வித்துகள். வளர்த்துப் பார்த்தபோது டிரெண்டிபோலியா என்ற பாசி முளைத்தது.

கேரளத்தில் மரத்தண்டுகளிலும் ஈரச் சுவர்களிலும் காவி நிறத்தில் மெத்தென்று படர்ந்திருப்பது இதுதான். வகைப்பாட்டில் இது பச்சைப் பாசி. நுண்ணோக்கியில் பார்த்தால் நூல் நூலான செல்களுக்குள் ஆரஞ்சு நிற எண்ணெய்த் துளிகள் தெரியும். அந்த நிறம் கரோட்டினாய்டுகளால் வருவது. அவை பச்சையத்தை மறைத்துவிடுகின்றன.

மறைப்பதில்தான் பிழைப்பே இருக்கிறது. பச்சையம் செலவழிக்க முடியாத அளவுக்கு ஒளியை வாங்கிவிட்டால், மிச்ச ஆற்றல் ஆக்சிஜனில் ஏறி, அதுவே செல்லைச் சிதைக்கும். கரோட்டினாய்டுகள் குடைபோல் நின்று நீல ஒளியைத் தடுக்கின்றன. வெறிகொண்ட ஆக்சிஜனையும் தணிக்கின்றன. நிழலில் வளரும் டிரெண்டிபோலியாவில் பச்சை கூடுதலாகத் தெரிவது இதனால்தான்.

பனியில் வாழும் பாசிக்கு நெருக்கடி இன்னும் கடுமை. புதுப்பனி தன்மேல் விழும் ஒளியில் 90 சதவீதம் வரை திருப்பி அனுப்பும். மேலும் கீழுமாக வெயில் தாக்கும். குளிரில் வேதிவினைகள் மந்தமாவதால், வாங்கிய ஒளியைச் செலவழிக்கவும் வழியில்லை. ஆகவே நீந்தித் திரிந்த பச்சைச் செல்கள், தடித்த உறை போட்டு அடங்கி, அஸ்டாசாந்தின் என்ற சிவப்பு நிறமியை நிரப்பிக்கொள்கின்றன. வேகவைத்த இறாலைச் சிவப்பாகக் காட்டும் அதே நிறமி. 1818இல் துருவப் பயணி ஜான் ராஸ் குழுவினர் பாஃபின் விரிகுடாவில் சிவப்புப் பனியைக் கண்டபோதும் விண்கல் இரும்பு என்றுதான் பேச்சு எழுந்தது.

பாசியைக் காக்கும் சிவப்பு பனிக்குக் கேடு. நிறம் ஏறிய பனி வெப்பத்தை அதிகம் உறிஞ்சி உருகுகிறது. உருகிய நீரில் பாசி மேலும் பெருகுகிறது. உருகும் பருவத்தில் ஒளியைத் திருப்பி அனுப்பும் திறன் 13 சதவீதம் குறையக்கூடும் என்று ஆர்க்டிக் பனிப்பாறைகளில் நடந்து, 2016இல் வெளியான ஆய்வு கூறுகிறது. பனிப்பாறைகளின் ஆயுளைக் கணக்கிடுவோர் வெப்பநிலையோடு பாசியையும் சேர்த்தே கணக்கிட வேண்டும்.