தண்ணீருக்குள் ஓர் அடக்கம்

கேரி பாப்டிஸ்ட் ஆலயம், போ பஜார், கொல்கத்தா

1809-இல் லால் பஜார் சிற்றாலயமாகத் திறக்கப்பட்ட இங்கே, 1812 செப்டம்பர் 6 அன்று அமெரிக்க மிஷனரிகளான அதோனிராம் ஜட்சனும் அவர் மனைவி ஆனும் முழுக்கு ஞானஸ்நானம் பெற்றார்கள். கொடுத்தவர் செராம்பூர் மிஷனின் வில்லியம் வார்ட்.

அவர்களை அனுப்பிய காங்கிரிகேஷனல் சபையார் குழந்தைகளுக்கும் தண்ணீர் தெளித்து ஞானஸ்நானம் கொடுப்பவர்கள். கொல்கத்தாவில், விசுவாசித்தவர்களுக்கு மட்டுமே முழுக்குக் கொடுக்கும் பாப்டிஸ்டுகளோடு வாதாட வேண்டியிருக்குமே என்று ஜட்சன் கப்பலிலேயே வேதத்தைப் புரட்டினார். வாதத்தில் தோற்றது அவர் தரப்புதான். புதிய முடிவால் ஊரிலிருந்து வந்த ஆதரவும் போயிற்று.

முழுக்குக்கு வருபவர் படியிறங்கித் தொட்டிக்குள் நிற்பார். போதகர் முதுகைத் தாங்கி, தலை மூழ்கும்வரை பின்னால் சாய்ப்பார். அது அடக்கம்: பாவத்துக்கு அடிமையாயிருந்த பழைய மனிதன் கிறிஸ்துவோடு செத்துப் புதைக்கப்படுகிறான். மூச்சு முட்டும்முன் தூக்கி நிறுத்துவார். அது உயிர்த்தெழுதல். தண்ணீருக்கு மந்திர சக்தி எதுவும் இல்லை; விசுவாசத்தால் உள்ளே நடந்துவிட்ட மறுபிறப்புக்கு அது வெளிச்சாட்சி, அவ்வளவுதான். அந்த மறுபிறப்பில் வரும் நித்திய ஜீவன் என்பதும் சாவுக்குப் பிறகு கிடைக்கும் நீண்ட ஆயுள் அல்ல. யோவான் சுவிசேஷத்தின்படி, விசுவாசிக்கு அது இன்றே தொடங்கிவிடுகிறது.

ஜட்சன் 1813-இல் பர்மா சென்று, வேதாகமத்தைப் பர்மிய மொழிக்குக் கொண்டுவந்தார். அவருடைய சகா லூதர் ரைஸ் 1812 நவம்பரில் இங்கேயே முழுக்குப் பெற்று நாடு திரும்பினார். 1814-இல் பிலடெல்பியாவில் அமெரிக்க பாப்டிஸ்டுகளின் முதல் தேசிய மிஷனரி அமைப்பு உருவாக ஓடியாடி உழைத்தவர் அவர்.