அந்தமானில் சார்ஜ்மேன் வேலை: எஞ்சியிருப்பது கப்பல் பட்டறை மட்டுமே

புது தில்லி:

அந்தமான் தலைநகர் போர்ட் பிளேரின் பெயர் 2024 செப்டம்பரில் ஸ்ரீ விஜயபுரம் என மாற்றப்பட்டது. ஆனால், அபர்டீன் பஜாரில் மணிக்கூண்டைச் சுற்றியுள்ள தமிழ்க் குடும்பங்களின் கவலை மாறவில்லை. டாலிகஞ்ச் ஐ.டி.ஐ.யில் ஃபிட்டர், வெல்டர், டீசல் மெக்கானிக் படித்த இளைஞர்களும், டிப்ளமோ முடித்தவர்களும் சார்ஜ்மேன், ஃபோர்மேன் என்ற நிலையை எட்ட முடியுமா என்பதே அக்கவலை.

ஒரு காலத்தில் தீவுகளில் இந்த நிலையை எட்ட மூன்று வழிகள் இருந்தன: மரம், மின்சாரம், கப்பல்.

முதல் வழி 2002-இல் குறுகியது. அந்த ஆண்டு மே மாதம் உச்ச நீதிமன்றம் மரம் வெட்டுவதற்குக் கடும் கட்டுப்பாடுகள் விதித்ததைத் தொடர்ந்து, ஒட்டுப்பலகை ஆலைகள் நிலைக்கவில்லை. 1883-இல் தொடங்கப்பட்ட சாத்தம் மர அறுவை ஆலையில் இன்று சுற்றுலாப் பயணிகளையும் காணலாம்.

இரண்டாவது வழியான மின்சாரம் பெரும்பாலும் டீசல் இயந்திரங்களை நம்பியது. டீசல் மின்நிலையத்துக்கு இரவும் பகலும் ஷிப்ட் பொறுப்பாளர் தேவை. எண்ணெய் மாற்ற, பிஸ்டன் கழற்ற, பேரிங் பார்க்க ஆள்கள் தேவை. நெய்வேலி என்.எல்.சி. நிறுவனம் போர்ட் பிளேரில் அமைத்துள்ள 20 மெகாவாட் சூரிய மின்நிலையத்தில் இந்த வேலைகள் இல்லை. டீசல் புகை குறைவது நல்லதுதான். அதனுடன் மேற்பார்வையாளர் பணியிடங்களும் குறையும் என்பதை தில்லியில் யாரும் கணக்கில் எடுத்துக்கொள்வதாகத் தெரியவில்லை.

எஞ்சியிருப்பது கப்பல். தீவுகளுக்கு இடையிலும், சென்னை, கொல்கத்தா, விசாகப்பட்டினத்துக்கும் கப்பல்கள் ஓடியாக வேண்டும். உப்புக் காற்று இரும்பை விட்டுவைப்பதில்லை. உலர் துறைக்குள் கப்பல் ஏறியதும் அடிப்பாகத்தைச் சுரண்டி, தகட்டின் தடிமனை அளந்து, சுழல்விசிறித் தண்டை வெளியே இழுத்து, பேரிங் இடைவெளியைக் குறிக்க வேண்டும். தாளில் கையெழுத்திடுபவர் சார்ஜ்மேன். அதன் பிறகே ஆய்வாளர் வந்து சரிபார்ப்பார். அளவு தவறினால் கப்பல் மறுபடியும் துறை ஏற வேண்டும். அதுவரை கடைக்கோடித் தீவுகளின் மக்கள் காத்திருக்க வேண்டியதுதான். உதிரிபாகம் சுமார் 1,200 கி.மீ. தொலைவிலிருந்து வர வேண்டிய இடத்தில், இருப்பதை வைத்துச் சமாளிக்கத் தெரிந்த அனுபவசாலியின் மதிப்பு தனி.

வேலை இருக்கிறது. ஆனால், அது யாருக்கு என்பதில்தான் சிக்கல். ஃபீனிக்ஸ் பே கப்பல் பட்டறையில் பழுதுபார்ப்பு வசதிகளை நடத்த கொச்சி கப்பல் கட்டும் நிறுவனத்துடன் அந்தமான் நிர்வாகம் 2019-இல் உடன்பாடு செய்துகொண்டது. திறமையான நிர்வாகத்துக்கு இது உதவக்கூடும். எனினும், அங்கு ஆளெடுப்பு பெரும்பாலும் குறிப்பிட்ட காலத்துக்கான ஒப்பந்த அடிப்படையிலேயே நடைபெறுகிறது. ஒரு ஃபோர்மேன் உருவாக 10, 15 ஆண்டுகள் பிடிக்கும்; ஒப்பந்தங்களோ சில ஆண்டுகளில் முடிந்துவிடும்.

நிரந்தரப் பணியைத் தருவது கடற்படையின் பழுதுபார்ப்புத் தளம். சென்னை அருகே காட்டுப்பள்ளியில் எல் அண்ட் டி நிறுவனம் கட்டிய, 8,000 டன் வரை தூக்கக்கூடிய மிதக்கும் துறையும் கடற்படைக்காக அந்தமானுக்கு வந்துள்ளது. கடற்படையில் சார்ஜ்மேன் பதவிக்கு ஆறாம் நிலை ஊதியம். தொடக்க அடிப்படைச் சம்பளம் ரூ. 35,400. ஆனால், நேரடி நியமனத்துக்கு நாடு தழுவிய தேர்வு எழுத வேண்டும். பயிற்சி மையங்கள் நிறைந்த பெருநகர இளைஞர்களுடன் தீவு இளைஞர்கள் போட்டியிட வேண்டும்.

கிரேட் நிகோபாரில் கலாத்தியா விரிகுடா துறைமுகம் உள்ளிட்ட பெருந்திட்டத்துக்கு 2022 நவம்பரில் சுற்றுச்சூழல் அனுமதி அளிக்கப்பட்டது. காடும் பழங்குடியினர் உரிமையும் குறித்த எதிர்ப்புகள் ஓயவில்லை. ஆதரிப்போர் முன்வைக்கும் முதன்மை வாதங்களில் வேலைவாய்ப்பும் ஒன்று. கிரேன், மின்நிலையம், பட்டறை ஆகியவற்றின் மேற்பார்வைப் பணிகளுக்கு உள்ளூர் இளைஞர்களை இப்போதே பயிற்சிக்கு அனுப்பினால்தான் அந்த வாதத்துக்குப் பொருள் இருக்கும். 1971-இல் பெங்களூரில் ஃபோர்மேன்களுக்கெனவே மத்திய அரசு ஒரு பயிற்சி நிலையம் தொடங்கிய முன்னுதாரணமும் உண்டு.

இதைக் கேட்கவேண்டிய இடம் நாடாளுமன்றம். தீவுகளுக்குச் சட்டப்பேரவை கிடையாது. நிர்வாகம் உள்துறை அமைச்சகத்தின் கீழ் வருகிறது. மாநிலங்களவையில் இடமில்லை, மக்களவையில் இருப்பது ஒரே உறுப்பினர்.