தெருவுக்கு ஒரு பாட்டுக் குழு

மார்கழி முழுவதும் விடியற்காலையில் நம் தெருப் பிள்ளைகள் பஜனை மடத்தில் கூடிப் பாடுகிறார்கள். பொங்கல் வாசனைக்காகத்தான் என்றே வைத்துக் கொள்ளுங்களேன்! தை பிறந்ததும் கூட்டம் கலைந்து விடுகிறது. அதைக் கலைய விடாமல் பிடித்து வைத்தால் அதுவே குழந்தைகள் பாட்டுக் குழு.

அதற்குப் பெரிய வித்துவான் வேண்டுவதில்லை. சுருதி விலகினால் காது கூசுகிற ஒருவர் போதும். பதினைந்து பிள்ளைகள், ஒரு மொட்டை மாடி, வாரம் இரண்டு நாள் முக்கால் மணி நேரம். சுருதிப் பெட்டி இல்லையே என்ற கவலையும் இன்று இல்லை. செல்போனிலேயே தம்பூரா ஒலிக்கிறது.

பெரியவர்கள் தவறுவது சுருதியில்தான். சொல்லித் தருகிறவர் தம் தொண்டைக்கு இசைந்த சுருதியை வைத்து விடுகிறார். பிள்ளைகள் கீழே முனகுகிறார்கள், மேலே கத்துகிறார்கள். ஐந்தாறு பேரைத் தனித்தனியே பாடச் சொல்லுங்கள். சிரமமின்றி எட்டுகிற கீழ் ஸ்வரம் எது, மேல் ஸ்வரம் எது என்று பார்த்து, பாட்டு அந்த எல்லைக்குள் அடங்கும்படி சுருதி வையுங்கள். "பலமாகப் பாடு" என்று மட்டும் சொல்லாதீர்கள். கூச்சல்தான் வரும்.

சேர்ந்திசை மேனாட்டுச் சரக்கு, நமக்கு ஒட்டாது என்பவர்கள் உண்டு. திரைப்பட இசையமைப்பாளர் எம். பி. சீனிவாசன் (1925–1988) சென்னையில் இளைஞர்களைத் திரட்டி, பாரதியார் பாடல்களைப் பல குரல்களில் பாட வைத்துக் காட்டினார். ஹங்கேரியின் இசை மேதை ஸோல்தான் கோடாய் (1882–1967) குழந்தைகளுக்காகப் பரப்பிய முறையும் நமக்கு அந்நியமல்ல. அவர்களுடைய 'டோ' நம் ஸட்ஜத்தைப் போலவே எந்தச் சுருதியிலும் நிற்கும். ஒவ்வொரு ஸ்வரத்துக்கும் ஒரு கைச் சாடை. நாமும் ஸ ரி க ம ஏற ஏறக் கையை உயர்த்திக் காட்டினால், பிள்ளைகள் விளையாட்டாகவே பிடித்துக் கொள்வார்கள்.

சுருதி சேராத பிள்ளையை என்ன செய்வது? எனக்கு ஒன்பது வயதில், பள்ளி ஆண்டு விழாவுக்கு முதல் நாள் வாத்தியார் சொன்னார்: "நீ வாயை மட்டும் அசை, சத்தம் வரக் கூடாது." அசைத்தேன். அதற்குப் பிறகு குளியலறையில்கூட நான் பாடியதில்லை.

அப்படிப்பட்ட பிள்ளைகளில் பலருக்குக் கோளாறு தொண்டையில் இல்லை. கேட்கப் பழகவில்லை, அவ்வளவுதான். நன்றாகப் பாடுகிற இருவருக்கு நடுவே உட்கார வையுங்கள். அவன் எந்த ஸ்வரத்தில் நிற்கிறானோ அங்கே முதலில் நீங்கள் போய்ச் சேருங்கள். பிறகு அவனை மெள்ள மெள்ள மேலே அழைத்து வரலாம். சில மாதங்கள் ஆகும். ஆகட்டுமே!

பன்னிரண்டு, பதின்மூன்று வயதில் மகரக்கட்டு வந்த பையன்களையும் விரட்டி விடாதீர்கள். குரல் நிலைக்கும் வரை தாளத்தை அவர்களிடம் ஒப்படையுங்கள். நிலைத்த பின், கீழ் ஸ்தாயிக்கு உங்களுக்கு ஆள் கிடைத்து விடும்.