தியோமானில் ஒரு நாள் முக்குளிப்பு: கடலுக்கு அடியில் உடம்புக்கு என்ன ஆகிறது?

பள்ளி விடுமுறை வந்தால் போதும், நண்பர்கள் குழுவில் யாராவது ஒருவர் கேட்டுவிடுவார்: "தியோமான் போலாமா?"

மெர்சிங் படகுத்துறையிலிருந்து ஒன்றரை முதல் இரண்டு மணி நேரப் பயணம். தெளிந்த நீர், கடல் ஆமைகள், துடுப்பின் நுனி கறுத்த சின்னச் சுறாக்கள்... ஆசைப்பட நிறையவே இருக்கிறது.

ஆனால் முக்குளிப்பு என்பது ஆழமான இடத்தில் நீந்துவது மட்டும் இல்லை. கீழே இறங்கும் ஒவ்வொரு மீட்டரிலும் உங்கள் உடம்பு வேறு ஒரு சூழலுக்குள் போகிறது. அங்கே என்ன நடக்கிறது? காலையிலிருந்து இரவு வரை ஒரு நாளைப் பார்ப்போம்.

காலை 8 மணி: படிவத்தில் 'இல்லை' என்று எழுதிடலாமா?

தண்ணீரில் கால் வைப்பதற்கு முன் உங்கள் கையில் ஒரு மருத்துவப் படிவம் கொடுப்பார்கள். ஆஸ்துமா உண்டா? காதில் அறுவை சிகிச்சை செய்ததுண்டா? இதயப் பிரச்சினை? வழக்கமாகச் சாப்பிடும் மருந்து?

ஏதாவது ஒன்றுக்கு 'ஆம்' என்று எழுதினாலும், மருத்துவரின் ஒப்புதல் தேவைப்படலாம். தீவில் அதற்கு எங்கே போவது? அதனால்தான் சிலர், "எதுக்கு வம்பு?" என்று எல்லாவற்றுக்கும் 'இல்லை' போட்டுவிடுகிறார்கள்.

அந்தத் தவறைச் செய்யாதீர்கள். ஆஸ்துமாவையே எடுத்துக்கொள்வோம். மூச்சுக்குழாய் சுருங்கினால் நுரையீரலின் ஒரு பகுதியில் காற்று சிக்கிக்கொள்ளலாம். மேலே வரும்போது அந்தக் காற்று விரியும். வெளியேற வழி இல்லை என்றால் நுரையீரல் கிழியக்கூடும்.

ஆஸ்துமா உள்ளவர்கள் யாருமே முக்குளிக்க முடியாது என்று அர்த்தமில்லை. முடிவு செய்யவேண்டியவர் மருத்துவர், நீங்கள் அல்ல. எனவே பெட்டி கட்டுவதற்குச் சில வாரங்களுக்கு முன்பே அவரைப் பார்த்துவிடுங்கள்.

சளி பிடித்திருக்கிறதா? அன்று முக்குளிப்பு வேண்டாம். மூக்கடைப்புக்கு மாத்திரை போட்டுச் சமாளிப்பதும் நல்லதல்ல. அடியில் இருக்கும்போது மருந்தின் வேகம் குறைந்துவிட்டால், மேலே வரும்போது காதுக்குள் காற்று மாட்டிக்கொள்ளும்.

காலை 9.30: முதல் 10 மீட்டர்தான் சவால்

நிலத்தில் நம் மேல் உள்ள காற்றின் அழுத்தத்தை 1 'பார்' என்று வைத்துக்கொள்ளுங்கள். கடலில் ஒவ்வொரு 10 மீட்டர் இறங்கும்போதும் இன்னொரு 'பார்' கூடும்.

ஒரு பலூனை ஊதி, கையோடு கீழே கொண்டுபோனால் என்ன ஆகும்?

• 10 மீட்டரில் பாதியாகச் சுருங்கும்
• 20 மீட்டரில் மூன்றில் ஒரு பங்காகும்
• 30 மீட்டரில் கால் பங்குதான் மிஞ்சும்

கவனித்தீர்களா? ஆகப் பெரிய மாற்றம் முதல் 10 மீட்டருக்குள்தான். "நான் ஆழமா போகல, பயமில்லை" என்று சொல்பவர்கள் மறப்பது இதைத்தான்.

உங்கள் காதுக்குள்ளும் ஒரு குட்டி பலூன் இருக்கிறது. செவிப்பறைக்குப் பின்னால் உள்ள காற்று சுருங்கும்போது காது அடைக்கும், பிறகு வலிக்கும். மூக்கைப் பிடித்து, வாயை மூடி, மெதுவாக ஊதினால் அழுத்தம் சமமாகும். வலி வந்த பிறகு செய்வது தாமதம். இறங்கத் தொடங்கியதுமே, ஒவ்வொரு மீட்டருக்கும் ஒரு முறை செய்யுங்கள். சரியாகவில்லையா? கொஞ்சம் மேலே வந்து மறுபடி முயலுங்கள். அப்பவும் முடியலைன்னா, அன்றைக்கு அவ்வளவுதான். கிழிந்த செவிப்பறையோடு வீடு திரும்புவதைவிட அது மேல்.

அடியில் பேச முடியாது, கைச்சைகைதான். ஒன்றை மட்டும் மறக்காதீர்கள். கட்டை விரலை உயர்த்தினால் 'சூப்பர்' என்று அர்த்தமில்லை, 'மேலே போவோம்' என்று அர்த்தம். எல்லாம் நலம் என்றால் கட்டை விரலையும் ஆள்காட்டி விரலையும் வட்டமாகச் சேர்த்துக் காட்டவேண்டும்.

எல்லாவற்றுக்கும் மேலான விதி எது?

மூச்சை அடக்காதீர்கள். ஒரு நொடிகூட.

நீச்சலில் மூச்சை அடக்கிப் பழகிய நமக்கு இது விசித்திரமாக இருக்கும். ஆனால் அந்தப் பலூனைத் திருப்பி யோசியுங்கள். 10 மீட்டரில் நுரையீரல் நிறையக் காற்றை இழுத்து, வாயை மூடிக்கொண்டு மேலே வந்தால், அந்தக் காற்று இரண்டு மடங்காக விரியும். நுரையீரலுக்கு அவ்வளவு இடமில்லை. பதற்றத்தில் மூச்சைப் பிடித்தபடி மேலே பாய்வதுதான் புதியவர்கள் செய்யக்கூடிய மிக ஆபத்தான தவறு.

கலனில் உள்ள காற்றும் ஆழத்தில் சீக்கிரம் தீரும். 10 மீட்டரில் ஒவ்வொரு மூச்சுக்கும் இரண்டு மடங்கு காற்று தேவை, 20 மீட்டரில் மூன்று மடங்கு. அதனால்தான் அழுத்தமானியை அடிக்கடி பார்க்கச் சொல்கிறார்கள்.

காலை 11 மணி: ஏன் சும்மா உட்கார வைக்கிறார்கள்?

முதல் முக்குளிப்பு முடிந்தது. "அடுத்தது எப்போ?" என்று கேட்டால் பயிற்றுவிப்பாளர், "பிஸ்கட் சாப்பிடுங்க, அப்புறம் பார்க்கலாம்" என்பார். இதில் அறிவியல் இருக்கிறது.

கலனில் இருப்பது பெரும்பாலும் சாதாரணக் காற்றுதான். அதில் சுமார் 79 விழுக்காடு நைட்ரஜன். நிலத்தில் அதனால் நமக்குத் தொல்லை இல்லை. அழுத்தம் கூடும்போது நைட்ரஜன் ரத்தத்திலும் தசையிலும் கரைந்து சேர்கிறது. எவ்வளவு ஆழம், எவ்வளவு நேரம் என்பதைப் பொறுத்து அளவு கூடும்.

100 பிளஸ் பாட்டிலை மெதுவாகத் திறந்தால் 'உஸ்' என்று கொஞ்சம் கொஞ்சமாக வாயு வெளியேறும். சடக்கென்று திறந்தால் நுரை பொங்கும். உங்கள் ரத்தமும் அப்படித்தான். மெதுவாக மேலே வந்தால் நைட்ரஜன் மூச்சு வழியாகப் போய்விடும். வேகமாக வந்தால் உடம்புக்குள்ளேயே குமிழிகள் உருவாகும். அதுதான் அழுத்தக் குறைவு நோய்.

அதனால்தான் இந்த விதிகள்:

• நிமிடத்துக்கு 9 மீட்டருக்கு மேல் வேகமாக ஏறக்கூடாது
• 5 மீட்டர் ஆழத்தில் 3 நிமிடம் நின்று வரவேண்டும்
• அடுத்த முக்குளிப்புக்கு முன் ஓய்வெடுக்கவேண்டும்

கையில் கட்டும் டைவ் கம்ப்யூட்டர் இந்தக் கணக்கைப் போட்டுத் தரும். ஆனால் நண்பரின் கம்ப்யூட்டர் காட்டுவது நண்பரின் கணக்கு. அது உங்களுக்குப் பொருந்தாது.

பிற்பகல் 2 மணி: கை சும்மா இருக்கட்டும்

பவளப்பாறையின் நிறம் மங்கலாகத் தெரிகிறதா? கேமரா கெட்டுப்போகவில்லை. ஆழத்தில் முதலில் காணாமல் போவது சிவப்பு நிறம். தண்ணீர் அதை உறிஞ்சிவிடும். சின்ன டார்ச் ஒன்றைக் காட்டினால் நிறம் திரும்ப வரும்.

பெயரில் பாறை என்று இருந்தாலும் பவளம் உயிருள்ள விலங்கு. அதன் திசுக்களுக்குள் வாழும் நுண்பாசிகள்தான் அதற்கு உணவில் பெரும்பங்கையும் நிறத்தையும் தருகின்றன. கடல் அதிகமாகச் சூடானால் பவளம் அந்தப் பாசியை வெளியேற்றி வெளுத்துப்போகும். 2010ஆம் ஆண்டு இந்த வெளுப்பு காரணமாக, தியோமான் உட்பட மலேசியாவின் சில முக்குளிப்பு இடங்கள் தற்காலிகமாக மூடப்பட்டன. 2024 ஏப்ரலில், உலக அளவிலான நான்காவது பவள வெளுப்பு நடப்பதாக அமெரிக்கக் கடல், வளிமண்டல நிர்வாக அமைப்பு அறிவித்தது.

கடலின் வெப்பத்தை நீங்கள் ஒருவராகக் குறைக்க முடியாது. காலில் மாட்டிய துடுப்பைப் பவளத்தில் இடிக்காமல் இருக்க முடியும். சில வகைப் பவளங்கள் ஆண்டுக்கு ஓரிரு சென்டிமீட்டர்கூட வளர்வதில்லை. ஓர் உதையில் உடைவது பல ஆண்டு வளர்ச்சி.

இரவு: விமானம் ஏறலாமா? கெந்திங் போகலாமா?

விமானத்துக்குள் காற்றழுத்தம் நிலத்தில் இருப்பதைவிடக் குறைவு. 1,800 முதல் 2,400 மீட்டர் உயர மலையில் நிற்பதுபோல் என்று வைத்துக்கொள்ளலாம். உடம்பில் மிச்சம் இருக்கும் நைட்ரஜன் அங்கே குமிழியாகலாம். பாட்டிலை மறுபடி திறப்பது மாதிரி.

'டைவர்ஸ் அலர்ட் நெட்வொர்க்' அமைப்பு பரிந்துரைக்கும் குறைந்தபட்ச இடைவெளி:

• ஒரே ஒரு முக்குளிப்பு என்றால் 12 மணி நேரம்
• ஒரே நாளில் பல முறை அல்லது பல நாள் முக்குளித்தால் 18 மணி நேரம்

மெர்சிங் வழியாகச் சாலையில் சிங்கப்பூர் திரும்புவோருக்குச் சிக்கல் குறைவு. சிப்பாடானில் முக்குளித்துவிட்டு தாவாவிலிருந்து விமானம் ஏறுவோர் கட்டாயம் கணக்குப் பார்க்கவேண்டும்.

மலைக்கும் இது பொருந்தும். கெந்திங் மலை சுமார் 1,800 மீட்டர் உயரம். (தியோமானில் உள்ள கம்போங் கெந்திங்கைச் சொல்லவில்லை, அது கடற்கரையில்தான் இருக்கிறது!) சாபாவில் 4,095 மீட்டர் உயர கினபாலு மலையும் ஏறுவதாகத் திட்டமா? முதலில் மலை, பிறகு கடல்.

"சும்மா அசதிதான்" என்று விட்டுடலாமா?

முக்குளித்த 24 மணி நேரத்துக்குள் கீழ்க்கண்டவை தெரிந்தால் அலட்சியம் வேண்டாம்:

• மூட்டு வலி
• தோலில் தடிப்பு, அரிப்பு
• கை கால் மரத்துப்போதல், பலவீனம்
• தலைசுற்றல், மூச்சுத் திணறல்
• வழக்கத்துக்கு மாறான களைப்பு

உடனே பயிற்றுவிப்பாளரிடம் சொல்லுங்கள். அவசர உதவிக்கு மலேசியாவில் 999, சிங்கப்பூரில் 995. முதலுதவி, தூய உயிர்வாயு. தேவைப்பட்டால் உயர் அழுத்த அறையில் சிகிச்சை தருவார்கள். சரிசெய்வதாக நினைத்து மறுபடி தண்ணீரில் இறங்கவே கூடாது.

பலர் சொல்லத் தயங்குவதற்குக் காரணம் வலி இல்லை, வெட்கம்தான். 'என்னால எல்லார் டிரிப்பும் கெட்டுடுமே' என்ற எண்ணம். சிகிச்சை எவ்வளவு சீக்கிரம் தொடங்குகிறதோ அவ்வளவு நல்லது. உங்கள் நண்பர் திடீரென்று அமைதியாகிவிட்டால், நீங்களே கேளுங்கள்: "உனக்கு என்ன பண்ணுது?"

பயணத்தைத் திட்டமிடும்போதே முக்குளிப்பை முதல் நாள்களில் வைத்துவிடுங்கள். கடைசி நாள் கடற்கரைக்கும் நாசி லெமாக்கிற்கும் இருக்கட்டும். கடல் எங்கேயும் போய்விடாது.