எக்ஸ்ரே நார்மல்னா, நெஞ்சும் நார்மலா?

என் ஃப்ரெண்ட் பைக்ல இருந்து விழுந்தப்போ ஹேண்டில்பார் நெஞ்சுல குத்திடுச்சு. வெளிக்காயம் இல்ல, எக்ஸ்ரேயும் நார்மல். "சரியாயிடும்டா, வீட்டுக்குப் போலாம்"னான். ஆனா மூச்சு வாங்கிட்டே இருந்துச்சு. டாக்டர் சிடி எடுக்கச் சொன்னார். நுரையீரல்ல இருந்து காற்று கசிஞ்சு, அதைச் சுத்தித் தேங்கியிருந்தது.

எக்ஸ்ரேல ஏன் தெரியல? அடிபட்டவங்களைப் பெரும்பாலும் மல்லாக்கப் படுக்க வெச்சுதான் படம் எடுப்பாங்க. அப்போ கசிந்த காற்று நெஞ்சோட முன்பக்கமா மெல்லிசா பரவிடும். எக்ஸ்ரேல முன்னாடி, பின்னாடி இருக்கிற எல்லாமே ஒண்ணு மேல ஒண்ணா விழும். அதுல இந்தக் காற்று மறைஞ்சுடலாம்.

சிடி உடம்பை ஸ்லைஸ் ஸ்லைஸா காட்டும். விலா எலும்பு முறிவு, நுரையீரல் கன்றிப்போனது தெளிவா தெரியும். கான்ட்ராஸ்ட் மருந்து ஏத்தினா மகாதமனி கிழிசலும் தெரியும்.

அப்போ எல்லாருக்கும் சிடி எடுத்துடலாமே? வேண்டாம். நெஞ்சு எக்ஸ்ரேல கதிர்வீச்சு சுமார் 0.1 மில்லிசீவர்ட், சிடில சுமார் 7. அடிபட்ட விதம், வயசு, வலி, சுயநினைவு இதெல்லாம் பார்த்துதான் டாக்டர் முடிவு பண்ணுவார். ரத்த அழுத்தம் சரிஞ்சுட்டு இருந்தா, ஸ்கேன் ரூமுக்குக் கொண்டுபோறதே ஆபத்து. படுக்கையிலேயே அல்ட்ராசவுண்ட் பார்ப்பாங்க.

எக்ஸ்ரே நார்மலா இருந்தும் மூச்சு வாங்குதா, வலி கூடுதா? தயங்காம திரும்பப் போங்க.